மலையேறும்போது தக்பீர், இறங்கும்போது தஸ்பீஹ்

 



பயணத்தின் சுன்னத்துகளில் ஒன்றை நம்மில் பலர் மறந்தே போய்விட்டோம். பயணத்தின்போது மேடான இடத்தில் ஏறினால் ஸஹாபாக்கள் தக்பீர் சொல்வார்கள்; தாழ்வான இடத்தில் இறங்கினால் தஸ்பீஹ் சொல்வார்கள். ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கின்றார்கள். புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. உயரத்தில் ஏறும்போது மனிதனுக்குத் தானும் உயர்ந்துவிட்டதாக ஓர் எண்ணம் வரும். அதை அடக்கி, உயர்ந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று நாவும் உள்ளமும் சொல்ல வேண்டும். தாழ்வில் இறங்கும்போது, எந்தத் தாழ்வும் குறையும் இல்லாத தூயவன் அவன் என்று சொல்ல வேண்டும். பெரியோர்கள் இந்தச் சுன்னத்துக்கு இப்படி விளக்கம் தந்திருக்கின்றார்கள்.

இன்று நாம் ஏறுகின்ற மேடுகள் எவை? பெருநாள் விடுமுறை வந்தால் நம் வீடுகளில் ஊட்டிப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடைத்தால் கொடைக்கானல், மூணாறு, வயநாடு என்று வேன்கள் புறப்படுகின்றன. இதில் தவறு ஒன்றும் இல்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்கும்படி அல்லாஹ்வே திருமறையின் அன்கபூத் அத்தியாயத்தில் (29:20) ஏவுகின்றான். உஹது மலையைக் கண்டபோது, அது நம்மை நேசிக்கின்ற மலை, நாமும் அதை நேசிக்கின்றோம் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கின்றார்கள். மலையைப் பார்த்து மகிழ்வது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல.

ஆனால் நாம் மலையை நேசிக்கின்றோம் என்று சொன்னால் போதுமா? மலை நம்மை நேசிக்கும்படி நாம் நடந்துகொள்கின்றோமா? அதைத்தான் இங்கே சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

ஓடையோரத்தில் ஒரு பாடம்

இந்தக் கேள்வி எனக்குக் கிதாபிலிருந்து முதலில் வரவில்லை. ஒரு தாயின் வாயிலிருந்து வந்தது. வெட்கத்தோடுதான் அதை எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், எங்கள் மஹல்லாவாசிகளோடு நீலகிரிக்குப் போனேன். இரண்டு வேன்களில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகளாக முப்பது பேருக்கு மேல் இருப்போம். குன்னூரைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வண்டிகளை நிறுத்தினோம். கொண்டு போயிருந்த பிரியாணித் தேக்சாவைத் திறந்தோம். காகிதத் தட்டுகளில் சாப்பிட்டோம். சாப்பிட்டானதும் இளைஞர்கள் தேக்சாவை ஓடையிலேயே இறக்கிச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அதற்குச் சற்று மேலே இறங்கி எல்லோரும் ஒளுச் செய்தோம். பிறகு புல்தரையில் விரிப்புகளை விரித்து, ளுஹரையும் அஸரையும் சேர்த்து ஜமாஅத்தாகத் தொழுதோம். இமாமாக நின்றவன் நான்தான். அந்தக் குளிர்காற்றில் ஓதிய இன்பத்தை எண்ணி உள்ளம் நிறைந்திருந்தது.

ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, ஓடையின் கீழ்ப்பக்கம் ஒரு வயதான அம்மா வெறும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். தோட்டத்து லைன் வீடுகளில் குடியிருப்பவர். நான் அருகே போனதும் கேட்டார்:

"ஏம் பாய், கழுவுறதெல்லாம் முடிஞ்சிருச்சா? கீழ தண்ணி சோறும் நெய்யுமா வருது. தெளிஞ்சாத்தான் மொள்ளணும்."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. "எப்போ வந்தீங்கம்மா? கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

"நீங்க தொழுதுகிட்டு இருந்தீங்க. சாமி கும்பிடுறப்ப எப்படிக் கூப்பிடுறது? அதான் நின்னேன்" என்றார்.

நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க மட்டுமா? சீசன் வந்தா எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அந்த ஓடையைப் பார்த்தபடி நின்றார். வண்டி ஏறும் நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தட்டுகளில் பாதி புல்லில் கிடந்தன. சில ஓடையில் மிதந்தன. இறங்கிப் பொறுக்கினோம். எட்டியவை கிடைத்தன, தண்ணீர் கொண்டுபோனவை போனவைதான்.

சகோதரர்களே! அந்த அம்மா நம் தொழுகையை மதித்துக் காத்து நின்றார். தொழுத நாமோ அவருடைய தண்ணீரை மதிக்கவில்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் முஃப்லிஸ் என்ற திவாலானவனைப் பற்றிச் சொன்ன ஹதீஸ் நெஞ்சில் நின்றது. ஒருவன் தொழுகை, நோன்பு, ஜக்காத்தோடு கியாமத்து நாளில் வருவான். ஆனால் இவனை ஏசியிருப்பான், அவனுடைய பொருளைத் தின்றிருப்பான், மற்றவனை அடித்திருப்பான். இவனுடைய நன்மைகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு அவர்களுக்குக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்தால் அவர்களுடைய பாவம் இவன் தலையில் ஏற்றப்படும். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள செய்தி இது. அந்த ஓடையோரத்தில் நாங்கள் தொழுத தொழுகை யாருடைய கணக்கில் போய்ச் சேரும் என்ற அச்சம் இன்று வரை எனக்கு உண்டு.

வழிப்போக்கனின் கடன்

அல்லாஹ்வின் ஹக்கில் குறை செய்தால் தவ்பாச் செய்யலாம். அவன் மன்னிப்பான் என்ற ஆதரவு உண்டு. அடியார்களுடைய ஹக்கில் குறை செய்தால், அந்த அடியானிடம் மாப்புக் கேட்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்தவன் நாளைக்கே அவர் வாசலில் போய் நின்று மாப்புக் கேட்டுவிடலாம். வழிப்போக்கன் செய்த தீங்குக்கு என்ன வழி? மலையில் நாம் அழுக்காக்கிய தண்ணீரை எந்தக் கிராமத்தில் எந்தக் குழந்தை குடித்தது என்று நமக்குத் தெரியாது. நாம் வீசிய பை எந்தச் சாக்கடையை அடைத்தது, அந்தச் சாக்கடை பொங்கி எந்தச் சரிவின் மண்ணை நனைத்தது, அந்தச் சரிவின் கீழே யார் வீடு இருந்தது என்பதும் தெரியாது. யாரிடம் போய் மாப்புக் கேட்பது? ஆகவே ஊரில் இருப்பவனைவிடப் பயணி அதிகப் பேணுதலோடு இருக்க வேண்டும். பிறகு தீர்த்துக்கொள்ள முடியாத கடனை முதலிலேயே வாங்காமல் இருப்பதுதான் புத்தி.

பாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும், நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்தைக் கொண்டுவரும் செயல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை அபூதாவூதில் காண்கின்றோம். இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவானது என்ன? மூன்றும் யாருடைய சொந்தமும் அல்ல, எல்லோருக்கும் தேவையானவை. மலையோ, பாதையும் நிழலும் நீர்த்துறையும் ஒன்றாகச் சேர்ந்த இடம். அப்படியானால் அங்கே செய்யும் அசுத்தத்தின் கனம் எவ்வளவு?

மலை என்னும் நிஃமத்து

பூமி உங்களோடு அசைந்துவிடாதபடி அதில் உறுதியான மலைகளை நிறுத்தினேன், ஆறுகளையும் அமைத்தேன் என்ற கருத்தில் அல்லாஹுத்தஆலா நஹ்ல் அத்தியாயத்தில் (16:15) நினைவூட்டுகின்றான். மலையையும் ஆற்றையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் இதற்கு விளக்கம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரியின் உச்சியில் புல்வெளிகளும், பள்ளங்களில் சோலைக் காடுகளும் உள்ளன. மழை பெய்யும்போது அந்தப் புல்லும் மண்ணும் பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. அந்த ஓடைகள் சேர்ந்து மாயாறாகவும் பவானியாகவும் ஓடுகின்றன. பவானியின் தண்ணீர் பில்லூர் அணையிலிருந்து கோவை மக்களின் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. பவானிசாகரிலிருந்து ஈரோட்டு வயல்களுக்குப் போகிறது. மீதி காவிரியில் கலக்கிறது. சமவெளிப் பள்ளிவாசலின் ஹவுளில் நாம் ஒளுச் செய்யும் தண்ணீரில் அந்த மலைப் புல்லின் பங்கும் இருக்கிறது.

இவ்வளவு பெரிய நிஃமத்து எவ்வளவு மெல்லியது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மலை என்றால் முழுவதும் பாறை என்று நினைக்கின்றோம். பாறையின் மேல் சில அடி மண். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை புல்லும் வேரும். சரிவைச் செங்குத்தாக வெட்டிக் கட்டடம் எழுப்பினால், நீர் வடியும் வழியை அடைத்தால், பெருமழையில் மண் நீரைக் குடித்துக் குடித்துப் பாரம் தாங்காமல் சரிந்துவிடும்.

மழையும் முன்போல் இல்லை. நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து மனிதன் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கின்றான். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்று அறிவியலார் சொல்கின்றனர். அந்த நீராவி மலையில் மோதும்போது, பல நாள் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

2024 ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில், நீலகிரியை அடுத்த வயநாட்டில் நடந்ததை யாரால் மறக்க முடியும்? அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் 57 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்திருந்தது. முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் உறக்கத்திலேயே புதைந்தன. இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்ட உடல்கள் நிலம்பூர் வரை ஒதுங்கின. யாரென்று அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் எண்கள் இட்ட கப்ருகளில், எல்லாச் சமயத்தாரும் அவரவர் முறையில் பிரார்த்தனை செய்து அடக்கினார்கள். அந்த மழையின் வலுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு, மனிதனால் உண்டான வெப்பத்தால் கூடியது என்று உலக அறிவியலார் சிலர் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தகைய முஸீபத்தில் மாண்டவர்களைப் பார்த்து, அவர்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்திருக்கின்றார்கள். மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதால் கரையிலும் கடலிலும் குழப்பம் வெளிப்பட்டுவிட்டது என்று ரூம் அத்தியாயம் (30:41) சொல்வதை ஓதும்போது, இறந்தவர்களின் கைகளைப் பார்க்கக் கூடாது. நம் கைகளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விருந்தாளியின் ஒழுக்கம்

மலைக்குப் போகின்றவன் யார்? அவன் விருந்தாளி. வீட்டுக்காரர் அங்கே வாழும் மக்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர், தேயிலை பறிக்கும் தொழிலாளர், கூடலூர்ப் பக்கத்தில் நம் தீன் சகோதரர்கள், அவர்களோடு காட்டெருமையும் யானையும். பூமியில் நடமாடும் பிராணிகளும் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அன்ஆம் அத்தியாயம் (6:38) அறிவிக்கின்றதல்லவா?

விருந்தாளிக்கு மார்க்கம் இரண்டு கட்டளைகளை இட்டிருக்கிறது. முதலாவது, அனுமதி. பிறர் வீட்டில் அனுமதி பெறாமல் நுழையாதீர்கள், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்னும் சட்டத்தை நூர் அத்தியாயத்தில் (24:27, 28) காண்கின்றோம். இரண்டாவது, அளவு. விருந்து மூன்று நாள். வீட்டுக்காரரைச் சங்கடத்தில் தள்ளும் அளவுக்கு அவரிடம் தங்குவது முஸ்லிமுக்கு ஹலால் அல்ல என்பது அபூஷுரைஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

இந்த இரண்டையும் வைத்து இன்றைய நிலையைப் பாருங்கள். சீசன் நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்குக் கொடுக்கப்பட்டது. அதன்பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. வெளியூர் வண்டிகளுக்குத்தான் இந்தக் கணக்கு. உள்ளூர் மக்களுக்கும் அரசுப் பேருந்துக்கும் தடை இல்லை.

அப்போது நம்மவர்கள் சிலரும் முணுமுணுத்தார்கள். "காசு கொடுத்துப் போகிறோம், எதற்குச் சீட்டு?" என்றார்கள். அந்தச் சீட்டில் பொய்யான விவரம் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. சகோதரர்களே! சீட்டுக் கிடைக்கவில்லை என்றால், திரும்பிப் போங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்று பொருள். திரும்பிவிடுவதே தூய்மை. பொய் சொல்லி வாங்கிய சீட்டோடு ஸஃபர் துஆ ஓதிப் புறப்படுவதில் என்ன பரக்கத் இருக்கப் போகிறது? புறப்படுமுன் அவ்வாண்டின் விதி என்ன என்று கேட்டறிந்து, உள்ளதை உள்ளபடி எழுதி, கிடைத்தால் போங்கள். இல்லாவிட்டால் வேறு நாள் போங்கள்.

அளவு மீறினால் மலை மட்டும் பாதிக்கப்படுவதில்லை. பாகிஸ்தானின் மர்ரீ மலைநகரில் 2022 ஜனவரியில் பனி பார்க்கத் திரண்ட கார்கள் சாலையில் நகர முடியாமல் நின்றன. இரவெல்லாம் பனி மூடியது. தங்கள் வண்டிகளுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, உயிரிழந்தனர். இன்பம் தேடிப் போன குடும்பங்கள்! அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக!

எல்லை கட்டுவது புதிய சட்டமும் அல்ல. மதீனா முனவ்வராவின் எல்லைக்குள் மரத்தை வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விதித்தார்கள். நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை ஹிமா என்ற பெயரில் காப்பிடமாக ஒதுக்கினார்கள். பின்னர் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ரபதாவை அவ்வாறே ஒதுக்கினார்கள். பொதுநன்மைக்காக ஓர் இடத்தில் கால் வைப்பதற்கு வரம்பு விதிப்பது நம் முன்னோர்களின் வழியே.

மூன்று சாக்குகள்

இதையெல்லாம் சொன்னால் சில பதில்கள் வரும்.

ஒன்று: "நான் ஒருவன் திருந்தினால் மலை பிழைத்துவிடுமா?" இதற்குப் பதில் புகாரி ஷரீஃபிலுள்ள கப்பல் உவமை. கப்பலின் மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய் வருவதற்குப் பதிலாகத் தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைக்கின்றார்கள். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். மலை விஷயத்தில் மேலே போகின்ற நாம் ஓட்டை போடுகின்றோம்; கீழே இருப்பவர் வீட்டில் தண்ணீர் புகுகிறது. ஓட்டை போடுகின்ற ஒவ்வொருவரும், என்னுடையது சிறிய ஓட்டைதானே என்று சொன்னால் கப்பல் என்னாகும்?

இரண்டு: "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். சாவு வர வேண்டும் என்றால் வீட்டிலும் வரும்." மழை எச்சரிக்கை வந்த பிறகும், அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டதே என்று வண்டியைக் கிளப்புகின்றவர்கள் சொல்லும் வார்த்தை இது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுப் பாதி வழியில் திரும்பிய ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகின்றீர்கள் என்று ஹஜ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கம் போகின்றோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடை சொன்னார்கள். அவர்களைவிடத் தவக்குல் மிகுந்தவர்களா நாம்? உங்கள் கைகளால் உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது பகரா அத்தியாயத்தின் (2:195) கட்டளை. நாம் போய்ச் சிக்கிக்கொண்டால், நம்மை மீட்க வருகின்றவரின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கின்றோம்.

மூன்று: "நாம் போகாவிட்டால் அங்குள்ளவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்?" இது நியாயமான கேள்வி. நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் எப்படிப் போகின்றோம்? அரிசி முதல் தண்ணீர் போத்தல் வரை ஊரிலிருந்தே ஏற்றிக்கொண்டு போகின்றோம். அங்கே தின்றுவிட்டுக் குப்பையை மட்டும் இறக்கிவிட்டு அன்றே திரும்புகின்றோம். அந்த மக்களுக்கு நாம் கொடுத்தது என்ன? அவர்கள் விளைவித்த காரட், பீட்ரூட்டை வாங்குங்கள். அவர்கள் கடையில் தேயிலைத்தூள் வாங்குங்கள். ஒரே நாளில் ஓடி வராமல் ஒருவர் வீட்டில் வாடகை கொடுத்து இரண்டு நாள் அமைதியாகத் தங்குங்கள். அப்போது அது பிழைப்பும் ஆகும், ஸதகாவும் ஆகும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

இனிக் காரியத்துக்கு வருவோம். தாய்மார்கள் மனம் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

நம்மிடம் சஹன் இருக்கிறது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது நம் வீடுகளின் அழகான வழக்கம். அதையே மலைக்கும் கொண்டு போங்கள். முப்பது பேருக்கு எட்டுச் சஹன் போதும். காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கப் ஒன்றும் வேண்டாம். அவற்றைக் கழுவுவது ஓடையில் வேண்டாம். துடைத்துக் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் கழுவுங்கள். எலும்பும் மிச்சச் சோறும் ஒரு பாத்திரத்தில் திரும்பட்டும். குரங்குக்கும் காட்டுப் பன்றிக்கும் வீசுவது தர்மம் அல்ல. அவற்றைச் சாலையோரத்துக்கு இழுத்து வண்டிச் சக்கரத்தில் விழவைக்கும் செயல். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை. நீலகிரியில் அதற்கு முன்பிருந்தே கட்டுப்பாடு உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் போத்தல் இருந்தால் போதும்.

ஓடையிலும் ஊற்றிலும் இறங்கி ஒளுச் செய்யாதீர்கள். பாத்திரத்தில் மொண்டு, கரையை விட்டுத் தள்ளி நின்று செய்யுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது இரண்டு கையும் சேர்த்து அள்ளும் அளவில், ஒளுச் செய்துவிடுவார்கள். ஒரு செம்புத் தண்ணீர் நமக்குத் தாராளம்.

இயன்றவரை அரசுப் பேருந்திலோ, மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் மலை ரயிலிலோ போங்கள். அதனால் பாதையில் நெருக்கடி குறையும், புகையும் குறையும். மழைக்காலத்தில் எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திப் போடுங்கள். வேலியிட்ட புல்வெளியிலும் காட்டிலும் கால் வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கூச்சலிடவும் ஒலிபெருக்கி வைக்கவும் விடாதீர்கள். பஜ்ரு தொழுகையைக் களாவாக்கிவிட்டு எந்த இயற்கைக் காட்சியையும் பார்க்கப் போகாதீர்கள். படைத்தவனை மறந்துவிட்டுப் படைப்பைப் பார்ப்பது குருட்டுப் பார்வை.

பூமி சொல்லும் சாட்சி

பூமியில் கர்வத்தோடு நடக்காதே. உன்னால் பூமியைப் பிளந்துவிட முடியாது, உயரத்தில் மலைகளை எட்டவும் முடியாது என்ற கருத்தை இஸ்ரா அத்தியாயத்தில் (17:37) ஓதுகின்றோம். ரஹ்மானின் அடியார்கள் பூமியின் மேல் பணிவாக நடப்பவர்கள் என்று புர்கான் அத்தியாயம் (25:63) அடையாளம் காட்டுகிறது. மலையில் நம் நடை எது என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமானிதத்தை வானங்கள், பூமி, மலைகள் முன் அல்லாஹ் வைத்தபோது அவை அதைச் சுமக்க அஞ்சின; மனிதன் சுமந்துகொண்டான் (33:72). மலையே அஞ்சிய பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டவன், அந்த மலையையே பாழாக்கிவிட்டு வந்தால் அவனைப் பற்றி என்ன சொல்வது?

கியாமத்து நாளில் பூமி தன் செய்திகளைச் சொல்லும் என்று ஜில்ஜால் அத்தியாயம் (99:4) அறிவிக்கிறது. ஒவ்வொரு ஆணும் பெண்ணும் அதன் முதுகின் மேல் என்னென்ன செய்தார்கள் என்று அது சாட்சி சொல்லும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த விளக்கம். நாம் ஸஜ்தா செய்த இடம் நமக்குச் சாட்சி சொல்லும் என்று மகிழ்கின்றோம். அந்த ஓடையோரப் புல்தரையும் சாட்சி சொல்லும்: "இவர்கள் என் மேல் ஸஜ்தா செய்தார்கள்" என்றும் சொல்லும், "இவர்களுடைய தட்டுகள் என் மேல் கிடந்தன, ஒரு கிழவி வெறுங்குடத்தோடு நின்றாள்" என்றும் சொல்லும். இரண்டையும் அந்த ஒரே மண் சொல்லும்.

ஆகவே சகோதரர்களே, ஏறும்போது தக்பீர் சொல்லுங்கள். உங்கள் பெருமை கீழேயே நின்றுவிடட்டும். இறங்கும்போது தஸ்பீஹ் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒருமுறை திரும்பி, விட்டுவந்த இடத்தைப் பாருங்கள். தூயவனைத் துதிக்கின்ற நாவுக்கு உரியவன் தூய்மையற்ற இடத்தை விட்டுவிட்டு வரலாமா?

யா அல்லாஹ்! நாங்கள் அறிந்தும் அறியாமலும் யார் யாருடைய ஹக்கில் குறை செய்தோமோ, அவர்களுடைய உள்ளங்களை எங்கள் மீது பொருந்தச் செய்வாயாக! மலைகளில் வாழும் மக்களை மழையின் ஆபத்திலிருந்தும் மண்ணின் சரிவிலிருந்தும் காப்பாயாக! முண்டக்கையிலும் சூரல்மலையிலும் உற்றாரை இழந்தவர்களுக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! உன் பூமியின் மேல் பணிவாக நடக்கும் அடியார்களின் கூட்டத்தில் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் சேர்ப்பாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!